குற்றம் எது, கேடு எது: தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா (கடாரம்) மாநிலத்தில், கோல கெட்டில் வட்டாரத்தில் தோட்டம் விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்), ஞாயிறு மாலைகளில் சட்ட விழிப்புணர்வு வகுப்பு நடத்துகிறோம். கல்லூரியில் குற்றவியல் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு அம்மாக்களும் ஓய்வுபெற்ற மண்டோர்களும் (தோட்டத்து மேற்பார்வையாளர்களும்) உட்கார்ந்துவிடுவார்கள். "குற்றம் என்பது சமூகம் உருவாக்கியது" என்று பாடத்தில் வரும் ஒரு வரியைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படித்தால் போதும், கேள்விகள் கிளம்பிவிடும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"குற்றம்னா தப்பு, தப்புன்னா குற்றம். இதுல பேச என்ன இருக்கு?"

இரண்டும் ஒன்றில்லை. சட்டத்தில் எழுதி, அதற்குத் தண்டனையும் விதித்திருந்தால்தான் ஒரு செயல் குற்றம். கொடுத்த வாக்கை மீறுவது தப்பு என்று ஊரே சொல்லும். அதற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. ஐசியை (அடையாள அட்டையை) வீட்டில் மறந்துவிட்டுப் பசாருக்குப் (சந்தைக்கு) போவது சட்டப்படி குற்றம். அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை போன்றவற்றில் தப்பும் குற்றமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அவற்றை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுவதால்தான் இரண்டும் ஒன்றே என்று தோன்றுகிறது.

"சமூகம் உருவாக்கினதுன்னா, அப்போ குற்றமே கற்பனையா? செத்தவன் செத்தது பொய்யா?"

செத்தது உண்மை, வலியும் உண்மை. அந்தச் சாவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதைத்தான் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். பாராங் கத்தியால் வெட்டி ஒருவர் இறந்தால் கொலை. பிரேக் சரியில்லாத லோரியில் ஆட்களை நிற்க வைத்து ஏற்றிப்போய், அது கவிழ்ந்து நாலு பேர் இறந்தால், மறுநாள் பேப்பரில் "விபத்து". போரில் சுட்டால் வீரம், நீதிமன்றம் சொல்லித் தூக்கிலிட்டால் தண்டனை. எந்தச் சாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது, எதற்கு போலீஸ் வர வேண்டும் என்பதெல்லாம் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறும். "உருவாக்கியது" என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்.

"நேத்து குற்றமா இருந்தது இன்னைக்கு எப்படிக் குற்றமில்லாம போகும்?"

நம் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவருக்குக் குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை விதிக்க முடியும் என்றிருந்தது. பூச்சி மருந்தைக் குடித்துப் பிழைத்த பெண்ணின் கட்டிலருகே டாக்டருக்குப் பின்னாலேயே போலீசும் வரும். அதற்குப் பயந்து பல குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மூடி மறைத்தன. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நீக்கம் நடப்புக்கு வந்தது. அந்தப் பெண்ணின் துயரம் அப்படியேதான் இருந்தது. நாடு அவரைப் பார்க்கும் பார்வைதான் மாறியது.

இன்னொன்று நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: போதை தரும் கெத்தும் இலை. இங்கே அதன் சாரம் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தில் வருகிறது. கெத்தும் தண்ணீரைப் பாக்கெட்டில் கட்டி விற்றால் பிடிப்பார்கள். பெங்காலான் ஹுலு வழியாக எல்லையைத் தாண்டிப் பெத்தோங்கில் கால் வைத்தால், 2021 ஆகஸ்டிலிருந்து அதே இலை தாய்லாந்தின் போதைப்பொருள் பட்டியலில் இல்லை. மரமும் அதேதான், போதையும் அதேதான். இலை நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு அடிமையாகிப் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அதைக் குற்றமாக்கும் கோடு இலையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

"அந்தக் காலத்துல கள்ளுக்கடைக்கு வெள்ளைக்காரனே லைசென்ஸ் கொடுத்தான்னு தாத்தா சொல்றாரு. நெசமா?"

நிஜம். தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. கள்ளால் அரசுக்கும் வருமானம். சம்பள நாளில் அரைச் சம்பளம் அங்கேயே கரைந்தது. பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். அதெல்லாம் சட்டப்படி சரி. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் யாராவது திருட்டுத்தனமாகச் சம்சு சாராயம் காய்ச்சினால் அது குற்றம்.

கடையை எதிர்த்தவர்களின் கதியையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நமக்குப் பக்கத்தில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று, குடிக்காதீர்கள் என்று மறித்தார்கள். 1947-இல் பீடோங்கில் போலீசோடு மோதல், கைது, வழக்கு. குடும்பங்களை அழித்த கடைக்கு உரிமம். அதைத் தடுக்க வந்தவனுக்கு விலங்கு. கடாரத்துப் பிள்ளைகள் இதைப் பாடமாகவே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

"சமூகக் கேடுன்னு ஒண்ணு சொல்றீங்களே, அது குற்றத்துக்கு இன்னொரு பேரா?"

இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மக்களுக்கு உண்மையில் என்ன சேதம் நடக்கிறது என்று பார்ப்பதுதான் அது. உடலுக்கு வரும் கேடு, வருமானத்துக்கு வரும் கேடு, மனத்துக்கு வரும் கேடு, ஒரு மனிதனை மனிதனாக மதிக்காத கேடு எல்லாம் இதில் அடங்கும். 1939-இலேயே அமெரிக்க சமூகவியலாளர் எட்வின் சதர்லண்ட், கோட்டு சூட்டு போட்டவர்கள் தொழில் வழியாகச் செய்யும் அக்கிரமங்களைக் குற்றவியல் கண்டுகொள்வதில்லை என்று பேசினார். பிறகு பிரிட்டனில் பேடி ஹில்யார்ட், ஸ்டீவ் டோம்ப்ஸ் போன்றவர்கள், குற்றத்தை விட்டுவிட்டுக் கேட்டையே அளந்தால் என்ன என்று கேட்டார்கள்.

அப்படி அளந்தால் நான்கு வகை தெரியும்: குற்றமாகவும் கேடாகவும் இருப்பவை, குற்றமானாலும் பெரிய கேடில்லாதவை, பெரிய கேடானாலும் குற்றமாகாதவை, இரண்டுமில்லாதவை. தோட்டத்து வரலாற்றில் மூன்றாவது வகைதான் அதிகம்.

"எங்கம்மா இருபது வருசம் மருந்தடிச்சாங்க. நகமெல்லாம் கழண்டு போச்சு. அதை யாரு குற்றம்னு சொன்னா?"

வெகுகாலம் யாரும் சொல்லவில்லை. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் முதுகில் மருந்து டாங்கியை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். டாங்கி ஒழுகினால் முதுகில் வழியும். வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். கழற்றினால் புகை மூக்குக்குள் போகும். மூக்கில் ரத்தம், தோலில் புண், கறுத்துப்போய் உதிரும் நகம். ஒரு சகோதரி வகுப்பில் கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் நகம் இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

அந்தக் களைக்கொல்லிகளில் முக்கியமானது பாராகுவாட். சுவீடன் அதை 1983-லேயே தடை செய்தது. மலேசியா 2002-இல் தடையை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1-இலிருந்து முழுமையாகத் தடை செய்தது. 2019 டிசம்பர் 31 அன்று அந்த மருந்தைத் தெளிக்கச் சொல்வது சட்டப்படியான வேலை, மறுநாள் சட்டமீறல். அந்த ஒரு ராத்திரியில் நுரையீரலுக்கு எதுவும் மாறிவிடவில்லை. அதற்கு முன்னால் பட்ட கேட்டுக்கெல்லாம் யாரும் கூண்டில் ஏறவில்லை. முந்தைய பதிலில் சொன்ன மூன்றாவது வகைக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

"செம்பனைக் குலை ரெண்டு திருடினா ஜெயில். இபிஎஃப் பிடிச்சுக்கிட்டு கட்டாத முதலாளிக்கு ஒண்ணுமில்ல. இது நியாயமா?"

ஒரு திருத்தம். முதலாளி செய்வதும் குற்றம்தான். சம்பளத்தில் பிடித்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைக் கட்டாமல் விட்டால், 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் 6 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் என்கிறது. குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே கொடுத்தால் ஓர் ஆளுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு 379-ஆவது பிரிவில் அதிகபட்சம் 7 ஆண்டு. ஏட்டில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை.

தூரமெல்லாம் நடைமுறையில். குலை திருடிய பையனைத் தோட்டத்துக் காவலாளி பிடித்து அன்றைக்கே பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ஒப்படைப்பார். லாக்கப் ஊதாச் சட்டையோடு படம் பேப்பரில் வரும். இபிஎஃப் விஷயத்தில் முதலில் தொழிலாளி தன் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும், புகார் கொடுக்க வேண்டும், அப்புறம் கடிதம் போகும், பாக்கியைத் தவணையில் கட்டப் பேச்சு நடக்கும். இரண்டு குலையின் விலையையும் ஐம்பது பேரின் ஓய்வுக்காலப் பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிய கேடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் "திருடன்" என்ற பட்டம் பையனுக்குத்தான். முதலாளிக்கு "நிதி நெருக்கடி".

"மூணு தலைமுறையா இருந்த லயத்துல நாம எப்படிப் புறம்போக்குவாசி ஆனோம்?"

லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. நிலம் கை மாறி, தோட்டம் வீடமைப்புத் திட்டமாகும்போது வேலை முடியும். வேலை முடிந்தால் வீட்டுக்கும் உரிமை இல்லை என்பார்கள். வழக்கு பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரையும் ஜெயிலில் போடுவதில்லை. ஆனால் காலி செய்யச் சொல்லும் உத்தரவு வந்த நாளிலிருந்து, பாட்டன் நட்ட மாமரத்தடியில் நிற்பவர் அத்துமீறியவர். நிலத்தை விற்றவருக்கு எந்தப் பெயரும் கிடையாது.

இழந்தது வீடு மட்டுமா? கோயில், தமிழ்ப்பள்ளி, அவசரத்துக்கு அரிசி கொடுத்த பக்கத்து வீடு, ஆடு மாடு கட்டிய இடம் எல்லாம் ஒரே வீச்சில் போயின. எண்பதுகள், தொண்ணூறுகளில் இப்படிச் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் பிறகு மலிவு அடுக்குமாடிகளில் கேங்குக்காரர்கள் வளைத்தார்கள். முதல் கேட்டைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

"கூட்டு போடுறது சட்டவிரோதமாமே? எல்லா அக்காங்களும் போடுறாங்களே!"

கூட்டு என்றால் சீட்டு பிடிப்பது. 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. கூட்டைத் தொழிலாக நடத்துவதைத்தான் அது தடை செய்கிறது. பத்துப் பேர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு என்பதால் அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் நாலு வீட்டார் மாறி மாறிப் பணம் எடுப்பதில் கேடு குறைவு. தாமான் முழுக்க ஆள் சேர்த்து, கமிஷன் வாங்கி நடத்தினால் நிறுத்திவிடுங்கள்.

"எங்க மாமாகிட்ட ஐசி இல்ல. பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரி. ஐசி இல்லாம இருக்கிறதே குற்றம்னா, அவரு யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

யாருக்கும் இல்லை. கேடு நடந்தது அவருக்கு. பிறப்புப் பதியாமல் போனது, பெற்றோரின் திருமணம் பதிவில் இல்லாதது, தாய் விட்டுப்போனது என்று அவர் பொறுப்பில்லாத காரணங்கள் இதற்குப் பின்னால் இருக்கும். 12 வயதில் ஐசி எடுக்க வேண்டும் என்பது சட்டம், எடுக்கப் போனால் பத்திரம் கேட்பார்கள், பத்திரம் இல்லை. பேங்கில் கணக்குத் திறக்க முடியாது, முறையான வேலை கிடைக்காது, ரோட்டில் தடுப்புச் சோதனை என்றால் வயிறு கலங்கும். முதல் பதிலில் ஐசியை மறந்துவிட்டுப் போனவரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது ஒரு நாள் சங்கடம், இவருக்கு ஆயுள் முழுக்க. பதிவுத் துறைக்குப் போகுமுன் பழைய தோட்டத்துப் பள்ளிச் சேர்க்கை ஏடு, தடுப்பூசி அட்டை, கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதிய பேர்ப் பட்டியல் என்று எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஜெயில்ல நம்ம பசங்கதான் நிறைய. அப்போ நம்ம இனமே அப்படித்தானா?"

இந்தக் கேள்வியைத் தலை குனிந்துகொண்டு கேட்கிறார்கள். மனம் வலிக்கிறது. நம் மக்கள்தொகை நாட்டில் சுமார் 7 விழுக்காடு. சிறையிலும் தடுப்புக் காவலிலும் நம் பங்கு அதற்கு மேல் என்பது உண்மை. ஆனால் சிறையில் இருப்பவர்களின் எண்ணிக்கை, கேடு செய்தவர்களின் எண்ணிக்கை ஆகாது. போலீஸ் எங்கே ரோந்து போகிறது, யாரை நிறுத்துகிறது, யாரால் வக்கீல் வைக்க முடிகிறது, யாரால் ஜாமீன் பணம் கட்ட முடிகிறது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்படி வழக்கே இல்லாமல் இரண்டாண்டு உள்ளே வைக்க முடிந்தது. அது போன பிறகு அதே வேலைக்கு 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம் பயன்படுகிறது.

ஓர் இனத்தையே குற்றவாளி என்று முத்திரை குத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மூதாதையர் நாட்டிலேயே சாட்சி உண்டு. வெள்ளையர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொல்வது இதைத்தான். பிறந்த சாதியே குற்றம். ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் தங்களிடம் கணக்கு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

"அப்போ கேங்கு பசங்களை நியாயப்படுத்துறீங்களா?"

இல்லவே இல்லை. கேங்கு வெட்டில் இறப்பவன் நம் பிள்ளை, பாதுகாப்புக் காசு கொடுப்பது நம் கடைக்காரர், ஆ லோங் (கந்துவட்டிக்காரர்) ஆட்கள் சிவப்புச் சாயம் வீசுவது நம் கதவில். கேட்டை அளவாக வைத்துப் பார்த்தாலும் இவை முதல் வரிசையில்தான் வரும். குற்றம் உருவாக்கப்பட்டது என்று விளக்குவது, செய்தவனைத் தட்டிக்கொடுப்பதாகாது. பாராங் எடுத்தவன் பதில் சொல்லட்டும். லயத்தை இடித்தவரும் பதில் சொல்லட்டும்.

"ஆன்லைன்ல திட்டியே ஒருத்தரைச் சாகவிட்டா நூறு வெள்ளிதானா?"

2024 ஜூலையில் நம் சமூகத்துப் பெண் ஒருவர், இணையத்தில் பிரபலமானவர், தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டத்தின்படி 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பால் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கென்று (பிறரைத் துன்புறுத்தி இழிவுபடுத்துவதற்கென்று) புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. பகடிவதை ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டினால் இப்போது 10 ஆண்டு வரை சிறை.

309-ஐ நீக்கியதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் நொந்தவர் குற்றவாளி, நோகடித்தவருக்குச் சில்லறை அபராதம். இரண்டே ஆண்டில் அது தலைகீழானது. மக்கள் குரல் கொடுத்தால் குற்றப் பட்டியல் மாறும்.

"சரி, அப்போ எல்லாக் கேட்டையும் குற்றமாக்கிட்டா போதுமே?"

போதாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வைத்திருந்த காலமெல்லாம் கேடு கூடியதே தவிரக் குறையவில்லை. போதைக்கு அடிமையான பிள்ளையை உள்ளே தள்ளினால் வெளியே வரும்போது கேங்கின் முகவரியோடு வருகிறான். சில கேடுகளுக்குப் போலீசைவிட டாக்டர் தேவை, வீடு தேவை, ஒழுங்கான சம்பளம் தேவை.

சில கேடுகளை நிறுத்த வேறு வழிகளும் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் உரிமையியல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் மக்கள் எதிர்ப்பால் 1994-இல் ஆலை மூடப்பட்டது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. கழிவு நின்றது. நோயோடு பிறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அது போதுமா என்றால், போதாது என்றே நினைக்கிறேன்.

"எது கேடுன்னு மட்டும் யாரு முடிவு பண்றது? அதுவும் ஆளுக்கு ஆள் மாறுமே?"

வகுப்பில் வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது இதுதான். மாறத்தான் செய்யும். குற்றத்தை வலிமை உள்ளவர்கள் வரையறுக்கிறார்கள் என்றால், கேட்டையும் அவர்களே வரையறுக்கப் பார்ப்பார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். துரைமார்களுக்கு அது கேடாகவே தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது. அதைக் கேடு என்று சொன்னவர்கள் தினமும் இறங்கியவர்கள்தான். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கேட்டை வெளியே சொல்வதே குற்றமானதும் உண்டு. தெனாகனித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995-இல் வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பினார் என்று வழக்கு, 2003-இல் 12 மாதச் சிறைத் தீர்ப்பு, 2008-இல்தான் விடுதலை. ஆகவே என் பதில்: அடி வாங்கியவர்களை முதலில் பேசவிடுங்கள், பிறகு ஆதாரத்தோடு சரிபாருங்கள். இன்று நம் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களும் குலை வெட்டுபவர்களும் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள்.

"இதெல்லாம் தெரிஞ்சு நாங்க என்ன பண்றது?"

சம்பளச் சீட்டை எறியாதீர்கள். இபிஎஃப் கணக்கை மாதம் ஒருமுறை கைத்தொலைபேசியிலேயே பாருங்கள். ஒரு மாதம் விடுபட்டாலும் கேளுங்கள். மருந்து டாங்கியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படமெடுத்து வையுங்கள், உடம்பில் புண் வந்தால் தேதியோடு கிளினிக் சீட்டு வாங்குங்கள். சம்பளம், வீட்டு வசதி பற்றிய புகாருக்கு ஆள்பல இலாகா (தொழிலாளர் துறை) இருக்கிறது. புகார் கொடுக்கக் காசு கிடையாது. தனியாகப் போகத் தயங்கினால் ஞாயிறு மாலை கோயில் மண்டபத்துக்கு வாருங்கள், கூட ஒருவர் வருவார். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும் அந்நியத் தொழிலாளி யாரையாவது தெரிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.